300 ஜிபி, 18 மணி நேரம்: கிட்லேப் தரவுத்தளம் வேறொரு சர்வரிலிருந்து மீட்கப்பட்ட விதம்

2017 ஜனவரி 31 அன்று இரவு, மென்பொருள் நிரல்களைச் சேமித்து நிர்வகிக்க உதவும் கிட்லேப் டாட் காம் தளத்தின் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. ஏறத்தாழ 300 ஜிபி இருந்த இடத்தில் மிஞ்சியது 4.5 ஜிபி. கட்டளையைத் தட்டிய பொறியாளர் ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தியும் பயனில்லை. வேறொரு சர்வரில் இருந்த நகலை எடுத்து வந்து சேர்க்க மட்டும் சுமார் 18 மணி நேரம் பிடித்தது. மீட்பு நடந்துகொண்டிருக்கும்போதே நிறுவனம் தன் வேலைக் குறிப்பைப் பொதுவில் திறந்து வைத்தது, யூடியூபில் நேரலை செய்தது, பிப்ரவரி 10 அன்று முழு அறிக்கையும் வெளியிட்டது. தவறு செய்தவரைக் காட்டிக் கொடுக்காமல், தவறு எப்படி நடந்தது என்பதை மட்டும் இவ்வளவு விரிவாகச் சொன்ன நிறுவனங்கள் மிகக் குறைவு. சர்வர் நிர்வாகம் செய்யும் எல்லோரும் அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இந்தச் சம்பவத்தைப் பலரும் "தப்பான சர்வரில் (கோப்புகளை அழிக்கும்) ஆர்எம் கட்டளை அடித்துவிட்டார்கள்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆனால் அழிந்த பிறகு நடந்ததில்தான் கற்க வேண்டியது அதிகம். கையில் எந்த நகலும் உருப்படியாக இல்லாதபோது, சோதனைக்காக வைத்திருந்த சர்வரிலிருந்து எப்படி எடுத்தார்கள்? அதற்கு ஏன் 18 மணி நேரம் ஆனது? எடுத்த நகலில் எது குறைந்தது? அதே வேலையை இன்று நாம் செய்தால் எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

அன்று இரவு

கிட்லேப் அப்போது போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் 9.6 பதிப்பை வைத்திருந்தது. டிபி1 என்பது முதன்மை சர்வர். டிபி2 அதன் துணை. முதன்மையில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் வால் ஃபைல் என்னும் மாற்றப் பதிவுகளாக நெட்வொர்க் வழியே வந்து டிபி2-இல் ஏறும். அன்று மாலை ஸ்பேம் கணக்குகளால் சுமை கூடியது. கூடவே ஒரு பெரிய கணக்கை நீக்கும் பின்னணி வேலையும் சேர்ந்துகொண்டது. டிபி2 பின்தங்கியது. அது வாங்கிக்கொள்வதற்குள் டிபி1 தன் பழைய வால் ஃபைல்களைக் கழித்துவிட்டது. அவற்றை வேறிடத்தில் சேமித்து வைக்கும் ஏற்பாடும் இல்லை. ஒருமுறை இந்த இடைவெளி விழுந்துவிட்டால் துணை சர்வர் தானாக எட்டிப்பிடிக்காது. அதன் டேட்டா டைரக்டரியை, அதாவது தரவுக் கோப்புகள் இருக்கும் இடத்தை, காலிசெய்து, பிஜி_பேஸ்பேக்கப் கருவியைக் கொண்டு முதலிலிருந்து முழு நகல் எடுத்தாக வேண்டும்.

அந்தக் கருவி முதலில் வால் அனுப்பும் இணைப்புகளின் எண்ணிக்கை போதவில்லை என்றது. முதன்மையில் அதை 32 ஆக உயர்த்தி ரீஸ்டார்ட் செய்தபோது, செமஃபோர்கள் (இணைப்புகளை ஒழுங்குபடுத்த ஓஎஸ் தரும் குறிகள்) அதிகம் என்று போஸ்ட்கிரெஸ் எழ மறுத்தது. அதிகபட்ச இணைப்பு 8,000 என்று இருந்ததை 2,000 ஆகக் குறைத்ததும் எழுந்தது. அதன் பிறகு பிஜி_பேஸ்பேக்கப் ஓடியது, ஆனால் திரையில் ஒரு வரிகூட வரவில்லை. முந்தைய முயற்சிகளில் விழுந்த மிச்சக் கோப்புகள்தான் தடுக்கின்றன என்று நினைத்த பொறியாளர் டைரக்டரியை அழிக்க முடிவெடுத்தார். இரண்டு டெர்மினல்கள் திறந்திருந்தன. இரண்டு சர்வர்களின் பெயரிலும் வித்தியாசம் ஒரே ஒரு இலக்கம். கட்டளை விழுந்தது டிபி1-இல்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். இலக்கு டைரக்டரி காலியாக இல்லாவிட்டால் பிஜி_பேஸ்பேக்கப் மௌனமாக நிற்காது. "காலியாக இல்லை" என்று பிழைச் செய்தி காட்டி உடனே வெளியேறிவிடும். அது மௌனமாக நின்றால், முதன்மை சர்வர் செக்பாயிண்டை, அதாவது மெமரியில் உள்ள மாற்றங்களை வட்டில் எழுதும் வேலையை, முடிக்கக் காத்திருக்கிறது என்று பொருள். இயல்புநிலை அமைப்பில் செக்பாயிண்ட் மெதுவாகப் பரவலாக நடக்கும். பல நிமிடங்கள் ஆகலாம். செக்பாயிண்ட் வகையை 'ஃபாஸ்ட்' என்று கொடுத்தால் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் போய்விடும். பிந்தைய பதிப்புகளில் விரிவான செய்திகளை இயக்கினால், செக்பாயிண்டுக்குக் காத்திருப்பதைக் கருவியே சொல்கிறது. அன்று அந்த ஒரு வரி திரையில் வந்திருந்தால் அந்த டைரக்டரியைத் தொடும் எண்ணமே வந்திருக்காது.

காப்புகள் எங்கே போயின

துணை சர்வர் ஏற்கெனவே காலி. எனவே காப்பு நகல்களைத் தேடினார்கள்.

பிஜி_டம்ப் என்னும் கருவி தினசரி எடுக்கும் தரவு நகல்கள் எஸ்3 என்னும் இணையச் சேமிப்பகத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒன்றுமே இல்லை. காரணம் பதிப்புக் குழப்பம். டம்ப் எடுக்கும் வேலை ஓடியது ஒரு அப்ளிகேஷன் சர்வரில். அங்கே தரவுத்தளத்தின் டைரக்டரி கிடையாது, ஆகவே எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் நிறுவல் தொகுப்பு தன் இயல்பான 9.2 பதிப்புக் கருவியை எடுத்துக்கொண்டது. தன்னைவிடப் புதிய சர்வரை பிஜி_டம்ப் நகலெடுக்காது. பதிப்பு பொருந்தவில்லை என்று நின்றுவிடும். ஒவ்வொரு நாளும் அப்படியே நின்றது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் டிமார்க் என்னும் அனுப்புநர் சரிபார்ப்புக்கான கையொப்பம் இல்லாததால் நிராகரிக்கப்பட்டன. சர்வர்களை வாடகைக்குத் தந்த அஷ்யூர் கிளவுட் சேவையின் வட்டு ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தில் வட்டு இருந்த நிலையின் நகல்) கோப்பு சர்வர்களுக்கு இயக்கத்தில் இருந்தது, தரவுத்தள சர்வர்களுக்கு இல்லை.

மிஞ்சியது எல்விஎம் (லினக்ஸில் வட்டுப் பகுதிகளை நிர்வகிக்கும் வசதி) எடுத்த ஸ்னாப்ஷாட். இது காப்புக்காக எடுக்கப்படுவதே அல்ல. ஸ்டேஜிங் என்னும் சோதனைச் சூழலுக்குப் புதிய தரவு தருவதற்காக 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக எடுக்கப்படுவது. அன்று வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் 17:20 யுடிசி (உலகப் பொது நேரம்) அளவில் கையால் ஒன்று எடுத்து ஸ்டேஜிங்கில் ஏற்றியிருந்தார். அதனால் இழப்பு சுமார் 6 மணி நேரத்தோடு நின்றது. அது இல்லாமல் போயிருந்தால் இழப்பு ஒரு நாளை நெருங்கியிருக்கும்.

ஸ்டேஜிங்கிலிருந்து புரொடக்‌ஷனுக்கு

இனி வேலை தெளிவானது: ஸ்டேஜிங் சர்வரின் டேட்டா டைரக்டரியை நெட்வொர்க் வழியே, பயனர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் புரொடக்‌ஷன் சர்வருக்கு நகலெடுக்க வேண்டும். செலவைக் குறைக்க ஸ்டேஜிங்கில் அஷ்யூரின் பழைய, மலிவான வட்டுகளையே பயன்படுத்தியிருந்தார்கள். அவற்றின் வேகம் விநாடிக்குச் சுமார் 60 மெகாபிட் என்ற உச்சவரம்புக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அந்த வட்டுகளை உயர்தர வகைக்கு அப்படியே மாற்றவும் வழியில்லை. பிராசஸர் சும்மா இருந்தது. நெட்வொர்க்கில் இடம் இருந்தது. வட்டுதான் இழுத்துப் பிடித்தது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 60 மெகாபிட் என்பது விநாடிக்கு 7.5 எம்பி. 300 ஜிபிக்கு 40,000 விநாடி, அதாவது 11 மணி நேரத்துக்கு மேல். இது எந்தத் தடங்கலும் இல்லாதபோது ஆகும் குறைந்தபட்ச நேரம். நடப்பில் 18 மணி நேரம் ஆனது. இதே அளவை நல்ல எஸ்எஸ்டி வட்டுகளுடன் ஒரு கிகாபிட் இணைப்பில் விநாடிக்கு 110 எம்பி வீதம் அனுப்பினால் முக்கால் மணி நேரம். 100 மெகாபிட் சுவிட்ச் ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டால் ஏழரை மணி நேரம். பல அலுவலகங்களில் மூலையில் கிடக்கும் பழைய சுவிட்சும், நாலு கம்பி மட்டும் தொடர்பில் இருக்கும் கேபிளும் இந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

எவ்வளவு நேரத்தில் மீளலாம் என்பதை முடிவு செய்வது நகலைப் பெறும் சர்வர் மட்டுமல்ல, நகல் உட்கார்ந்திருக்கும் சர்வரும்தான். புரொடக்‌ஷனுக்கு விலையுயர்ந்த வட்டு வாங்கிவிட்டு நகலை மலிவான வட்டில் வைப்பது எங்கும் வழக்கம். தவறில்லை. ஆனால் தரவின் அளவை அந்த வட்டின் படிக்கும் வேகத்தால் வகுத்து, வரும் மணி நேரத்தை நிர்வாகத்தின் முன் முதலிலேயே வைத்துவிட வேண்டும்.

ஸ்டேஜிங் நகலில் இன்னொரு குறையும் இருந்தது. சோதனைச் சூழலிலிருந்து வெளியாருடைய சர்வர்களுக்கு அழைப்புகள் போய்விடக் கூடாது என்பதற்காக, அங்கே தரவை ஏற்றும்போதே வெப்ஹுக் (ஒரு நிகழ்வு நடந்ததும் வெளி சர்வருக்குத் தானாகத் தகவல் அனுப்பும் ஏற்பாடு) பதிவுகளை நீக்கிவிடுவார்கள். சோதனைக்கு அது சரி. மீட்புக்கு அது ஓட்டை. பிப்ரவரி 1 அன்று 17:00 யுடிசி அளவில் தரவுத்தளம் வெப்ஹுக் இல்லாமல் எழுந்தது. அதே ஸ்னாப்ஷாட்டை, நீக்கும் படியை மட்டும் விட்டுவிட்டு, தனியாக இன்னொரு சூழலில் ஏற்றி வைத்திருந்தார்கள். அதிலிருந்து அந்த ஒரு டேபிளை மட்டும் எஸ்க்யூஎல் டம்ப்பாக எடுத்துச் சேர்த்தார்கள். 18:00 மணி அளவில் வேலை முடிந்தது.

திரும்பி வராதவை: குறைந்தது 5,000 புராஜெக்ட்களின் பதிவுகள், 5,000 கருத்துகள், சுமார் 700 பயனர் கணக்குகள். கிட் ரெப்போக்களும் (நிரல் தொகுப்புகள்) விக்கிகளும் தனிக் கோப்பு சர்வர்களில் இருந்ததால் அவற்றுக்குச் சேதமில்லை.

இந்த வேலையை எப்படிச் செய்வது

கீழே உள்ளது போஸ்ட்கிரெஸ்ஸுக்கு எழுதியது. வரிசை மற்ற தரவுத்தளங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் வேலை தரவுத்தளத்தில் புதிதாக எதுவும் எழுதப்படுவதை நிறுத்துவது. அப்ளிகேஷனைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோய், பின்னணி வேலைகளையும் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளையும் நிறுத்த வேண்டும். சேதமான சர்வரில் எதையும் அழிக்கக் கூடாது. பழைய டேட்டா டைரக்டரியின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றம் ஒரு நொடி வேலை, தவறினால் திரும்ப மாற்றவும் ஒரு நொடி வேலை. இடம் போதாவிட்டால் புதிய வட்டு ஒன்றைச் சேர்ப்பது நல்லது. துணை சர்வரைப் புதுப்பிக்கும்போதும் இதே பழக்கம் இருக்க வேண்டும்.

நகல் உள்ள சர்வரில் தரவுத்தளத்தை முறையாக நிறுத்திய பிறகே கோப்புகளைத் தொட வேண்டும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது சும்மா நகலெடுத்தால், ஒரு கோப்பு பத்து மணி நிலையிலும் இன்னொன்று பதினோரு மணி நிலையிலும் இருக்கும். அப்படிப்பட்ட நகல் எழுந்து ஓடவும் கூடும் என்பதுதான் ஆபத்து. சேதம் வாரங்கள் கழித்துத் தெரியும். நிறுத்த முடியாத இடத்தில் பிஜி_பேஸ்பேக்கப் அல்லது வட்டு ஸ்னாப்ஷாட்தான் வழி. ஸ்னாப்ஷாட் என்றால் தரவும் வால் ஃபைல்களும் ஒரே வால்யூமில் இருக்க வேண்டும், அல்லது இரண்டும் ஒரே கணத்தில் சேர்த்து எடுக்கப்பட வேண்டும். எல்விஎம்மின் வழக்கமான ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் அது செல்லாததாகிவிடும். மூல வால்யூமில் தரவு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கையில் பல மணி நேரம் நகலெடுத்தால் பாதி வழியில் இது நடக்கும். எல்விஎஸ் கட்டளையில் நிரம்பிய சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது பொருத்தம். கோப்பு நிலையில் நகலெடுப்பதானால் இரு பக்கமும் போஸ்ட்கிரெஸ்ஸின் முதன்மைப் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். பிராசஸர் வகையும் ஒத்துப்போக வேண்டும். இவற்றைப் பலரும் பார்க்கிறார்கள். லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகமான ஜிலிப்சியின் பதிப்பைப் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. ஜிலிப்சி 2.28-இல் சொற்களை அகர வரிசைப்படுத்தும் முறை மாறியது. டெபியன் 9-இலிருந்து 10-க்கோ, ரெட்ஹேட் 7-இலிருந்து 8-க்கோ டேட்டா டைரக்டரியை அப்படியே கொண்டுபோனால், எழுத்து வடிவத் தரவு உள்ள நெடுவரிசைகளின் இண்டெக்ஸ்கள் (தேடலை விரைவாக்கும் அட்டவணைகள்) பழைய வரிசையிலேயே இருக்கும், தேடல் புதிய வரிசையில் நடக்கும். இருக்கும் பதிவு "இல்லை" என்று வரும்; ஒரே மின்னஞ்சல் முகவரிக்கு இரண்டு கணக்கு உருவாகும். ஓஎஸ் பதிப்பு வேறானால் தளத்தைத் திறக்கும் முன் அந்த இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்து புதிதாக உருவாக்கிவிட வேண்டும்.

நகலெடுக்கத் தொடங்கும் முன் வேகத்தை அளந்துவிடுங்கள். ஐபெர்ஃப்3 கருவியைக் கொண்டு நெட்வொர்க்கை மட்டும் ஒரு நிமிடம் அளக்கலாம். ஒரு பெரிய கோப்பை டிடி கட்டளையால் டெவ்நல்லுக்கு (வருவதையெல்லாம் தூக்கி எறியும் போலிக் கோப்பு) படித்து வட்டை மட்டும் அளக்கலாம். அந்தக் கோப்பு ஏற்கெனவே மெமரியில் இருந்தால் பொய்யான வேகம் காட்டும், ஆகவே சமீபத்தில் தொடாத கோப்பாக எடுங்கள். எது குறைவோ அதுதான் உங்கள் வேகம். இது தெரியாமல் செய்யும் முயற்சிகள் வீண். வட்டு இழுத்துப் பிடிக்கும் இடத்தில் சுருக்கி அனுப்புவதால் வேகம் அதிகரிக்காது. நெட்வொர்க் இழுக்கும் இடத்தில் அதே சுருக்கம் நேரத்தைப் பாதியாக்கவும் கூடும்.

நகலெடுப்பை, இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடரவிடும் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் கருவிக்குள் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தால் 14-ஆவது மணி நேரத்தில் வேலை நின்றுபோகும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியில் ஆர்க்கைவ் விருப்பத்தோடு எண்வழி ஐடி விருப்பத்தையும் கொடுங்கள். மூலத்தில் போஸ்ட்கிரெஸ் பயனரின் எண் 113 ஆகவும் இலக்கில் 999 ஆகவும் இருந்தால், எல்லாம் முடிந்தபின் உரிமையாளரைச் சரியான பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். மூலப் பாதையின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளடக்கம் மட்டும் போகும். இல்லாவிட்டால் இலக்குக்குள் இன்னொரு டைரக்டரியாகப் போய் விழும். தனி டேபிள்ஸ்பேஸ்கள் (வேறிடத்தில் வைக்கப்பட்ட தரவு) சிம்லிங்க்காக, அதாவது அந்த இடத்தைச் சுட்டும் இணைப்பாக, இருக்கும். ஆர்சிங்க் லிங்க்கை மட்டும் கொண்டுபோகும், அது சுட்டும் தரவு பின்தங்கிவிடும். டெபியன், உபுண்டுவில் அமைப்புக் கோப்புகள் டேட்டா டைரக்டரிக்கு வெளியே ஈடிசி-க்குள் இருக்கின்றன. அவற்றைத் தனியே எடுக்க வேண்டும்.

இலக்கில் டைரக்டரியின் அனுமதி 0700 ஆக இருக்க வேண்டும் (பதிப்பு 11 முதல் 0750-ம் ஏற்கப்படும்). வேறு எதுவானாலும் போஸ்ட்கிரெஸ் எழாது. நகலோடு வந்த பழைய பிஐடி கோப்பை (முன்பு ஓடிய புராசஸின் எண் உள்ள கோப்பு) நீக்கிவிட்டு, வெளி இணைப்பு எதையும் அனுமதிக்காமல், லோக்கல் சாக்கெட்டில் மட்டும் எழுப்புங்கள். ஸ்னாப்ஷாட்டிலிருந்து வந்ததானால் லாகில் ரீடூ (வால் ஃபைல்களிலிருந்து மாற்றங்களை மறுபடி ஏற்றுவது) தொடங்கியது, முடிந்தது என்ற வரிகள் வரும். அவை முடிந்து "இணைப்புகளை ஏற்கத் தயார்" என்ற வரி வரும்வரை கை வைக்காமல் விடுங்கள்.

திறக்கும் முன்

எழுந்துவிட்டது என்பதும் சரியாக இருக்கிறது என்பதும் வேறு வேறு. முழுத் தரவுத்தளத்தையும் பிஜி_டம்ப் வழியே டெவ்நல்லுக்கு அனுப்பினால் டேபிள்களின் ஒவ்வொரு பதிவும் ஒருமுறை படிக்கப்படும். உடைந்த பக்கம் இருந்தால் அங்கேயே பிழை வரும். ஆனால் இது இண்டெக்ஸ்களைத் தொடாது. அவற்றைச் சோதிக்கப் பதிப்பு 14 முதல் பிஜி_ஆம்செக் இருக்கிறது. பிஜி_பேஸ்பேக்கப் எடுத்த நகலானால், பதிப்பு 13 முதல் பிஜி_வெரிஃபைபேக்கப் கோப்புகளை மேனிஃபெஸ்ட் என்னும் கோப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்லும். டம்ப்பிலிருந்து மீட்டதானால் இன்னும் இரண்டு: ரோல்களும் (தரவுத்தளப் பயனர்கள்) பாஸ்வேர்டுகளும் பிஜி_டம்ப்பில் வராது, பிஜி_டம்ப்ஆலில் குளோபல் பகுதியாகத் தனியே எடுக்க வேண்டும், ஏற்றி முடித்ததும் தரவின் புள்ளிவிவரங்களைச் சேகரிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டாவிட்டால் எல்லாக் குவெரியும் ஆமை வேகத்தில் நகரும்.

முக்கியமான டேபிள்களில் கடைசியாக உருவான பதிவின் நேரத்தைப் பார்த்து இழப்பின் தொடக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பயனர்களுக்கு "சில தரவு போயிருக்கலாம்" என்று மழுப்பாமல், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்று சொல்ல அதுதான் ஆதாரம்.

அடுத்து கிட்லேப் செய்த ஒரு காரியம் எல்லோரும் பின்பற்ற வேண்டியது: எல்லா டேபிள்களின் சீக்வென்ஸ் எண்ணையும் (புதிய பதிவுக்கு அடுத்த ஐடி தரும் எண்) 100,000 கூட்டிவிட்டார்கள். 6 மணி நேரத் தரவு போய்விட்டது, ஆனால் அந்த நேரத்தில் வழங்கப்பட்ட ஐடிகள் வெளியே உலாவுகின்றன. மின்னஞ்சல்களில், பிற சேவைகளில், பயனரின் உலாவியில், கோப்பு சர்வரில் அவை இருக்கும். எண்ணைத் தள்ளாமல் திறந்தால் புதிய புராஜெக்ட் ஒன்றுக்கு அழிந்துபோன புராஜெக்டின் எண் கிடைக்கும். பழைய லிங்க்கைத் தொட்டவர் வேறொருவரின் தரவில் போய் நிற்பார்.

பின்னணி வேலை வரிசை வேறு சர்வரில் இருந்தால் அதையும் பாருங்கள். தரவுத்தளம் ஆறு மணி நேரம் பின்னால் போய்விட்டது; வரிசை இன்னும் நிகழ்காலத்தில் இருக்கிறது. இல்லாத பதிவுகளைத் தேடி வேலைகள் தோற்கும். மோசமானால் அனுப்பிய மின்னஞ்சல் மறுபடி போகும், கட்டணம் மறுபடி பிடிக்கப்படும். வரிசையைக் காலிசெய்வதா, வடிகட்டுவதா என்பதைத் தளத்தைத் திறக்கும் முன் முடிவு செய்ய வேண்டும்.

பின்னர் மாறியவை

கிட்லேப் அறிக்கையில் அறிவித்த திருத்தங்களில் முக்கியமானது, காப்புகளிலிருந்து மீட்டெடுப்பதைத் தானியங்கியாகச் சோதிக்கும் ஏற்பாடு. காப்பு எடுக்கப்பட்டதா என்று கண்காணிப்பதும், எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்று தெரியும்படி டெர்மினல் புராம்ப்ட்டின் நிறத்தை மாற்றுவதும் பட்டியலில் இருந்தன. நிறம் உதவும். ஆனால் களைத்த கண் நிறத்தையும் தாண்டிப் போகும் என்பதால் முதல் ஏற்பாட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

துணை சர்வர் பின்தங்கும் பிரச்சினைக்கு ரெப்ளிகேஷன் ஸ்லாட் என்னும் வசதி இருக்கிறது. துணை வாங்கிக்கொள்ளும்வரை முதன்மை வால் ஃபைல்களைக் கழிக்காது. ஆனால் துணை சர்வர் செத்துக்கிடந்தால் அவை குவிந்து முதன்மையின் வட்டையே நிரப்பிவிடும். பதிப்பு 13 முதல் அதற்கு உச்சவரம்பு வைக்கலாம். உச்சவரம்பைத் தாண்டினால் மறுபடியும் முழு நகல்தான். ஆகவே வால் ஃபைல்களைத் தனிச் சேமிப்பகத்துக்கு அனுப்பும் ஆர்க்கைவிங்கும் கூடவே வேண்டும். அது இருந்திருந்தால் அன்று டிபி2 விட்ட இடத்திலிருந்து எட்டிப்பிடித்திருக்கும்.

சோதனை மீட்பை மாதம் ஒருமுறையாவது, புரொடக்‌ஷனோடு தொடர்பில்லாத தனி சர்வரில், அதை முன்பு செய்யாத ஒருவரைக் கொண்டு, எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ அங்கே குறிப்பில் ஒரு வரி குறைகிறது. நகலெடுக்க ஆன நேரம், எழுப்ப ஆன நேரம், சரிபார்க்க ஆன நேரம் மூன்றையும் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும். தரவு 300 ஜிபியிலிருந்து 600 ஆகும்போது இரண்டாவது எண் அதிகம் மாறாது. முதலாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.